மூன்றாவது ஓலை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் கையில் ஒரு கையேடு இருக்கும். எச்.ஐ.வி. தொற்றின் தொடக்க அறிகுறிகள் என்று அதில் ஒரு பக்கம் உண்டு. காய்ச்சல், தொண்டைவலி, கழுத்தில் நெறி கட்டுதல், உடம்பில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண். ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிடும். எனக்கும் ஆனது. ஆனாலும் அந்தப் பக்கம் எழுத்துக்கு எழுத்து என் முன்னால் வந்து உட்கார்ந்த நாளில் நான் தவறு செய்தேன். அதை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். யாரென்று தேடாதீர்கள்.

பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்த என்னை 2004-இல் ஆலோசகர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்தில் போட்டார்கள். எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆட்களோடு பேசுவது என் வேலை. எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு திரை, அவ்வளவுதான் மையம். நான் கடப்புறத்தில், அதாவது கடற்கரை மீனவ ஊரில், பிறந்தவள். கட்டிக்கொடுத்ததும் அடுத்த கடப்புறத்தில்தான். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சிஸ்டர், ஊரில் எல்லாருக்கும் மாமி.

இரண்டு வருடம் கழித்து ஒரு மூட்டுவலிக் காய்ச்சல் வந்து மாவட்டத்தையே படுக்கப் போட்டது. புறநோயாளி வரிசை கேட் வரைக்கும் நின்றது. அந்த வரிசையில்தான் சகாயம் வந்தான். இருபத்தெட்டு வயது. கேரளத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போகிறவன். போனால் பத்துப் பதினைந்து நாள் கடலிலேயே கிடப்பார்கள். ஆறு நாளாகக் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத தொண்டைவலி, நெஞ்சிலும் முதுகிலும் மங்கலான சிவப்புத் தடிப்பு. ஊரெல்லாம் காய்ச்சலும் தடிப்புமாக இருந்த சமயம் என்பதால் அவனுக்கும் அதே மாத்திரையை எழுதி அனுப்பியிருப்பார்கள். தடிப்பைக் காட்டுவதற்காகத் தோல்நோய் டாக்டரிடம் போனதால்தான் அப்படி ஆகவில்லை.

அந்த டாக்டர் வெளியூர்க்காரர். அவருக்கு முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும், எனக்கு ஐம்பது. ஆனாலும் இந்த வேலையில் எனக்குத் தெரிந்த பாதிக்கு மேல் அவரிடம் கற்றதுதான். அவனுடைய கழுத்தைத் தடவிப் பார்த்தார். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தக் காய்ச்சல் வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி எங்க இருந்தீங்க, யார் கூட இருந்தீங்க?"

அறிகுறியைப் பார்ப்பது பாதி வேலை. மீதி இந்தக் கேள்வி. காய்ச்சலையும் தடிப்பையும் மட்டும் வைத்து யாருக்கும் எதையும் சொல்ல முடியாது; பலருக்கு அந்தக் காய்ச்சல்கூட வருவதில்லை. ஆனால் காய்ச்சலுக்குச் சில வாரம் முன்னால் பாதுகாப்பில்லாத ஓர் உறவு இருந்தது என்றால் அந்தக் காய்ச்சலை வேறு மாதிரிப் பார்க்க வேண்டும். சகாயம் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். துறைமுகத்தில் படகு பழுதாகி நின்ற ஒரு வாரம். கூட்டாளிகளோடு போன ஒரு லாட்ஜ். ஒரே ஒரு தடவை.

டாக்டர் அவனை என்னிடம் அனுப்பினார். சம்மதம் வாங்கி ரத்தம் எடுத்தோம். முடிவு வந்தபோது அவன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் கையிலிருந்த தாளையே பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணும் இல்லப்பா. நெகட்டிவ்" என்றேன்.

அவன் மேசைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "எனக்கு ஒரு பொண்ணு காத்திருக்கா சிஸ்டர். ஆறு வருசமா" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தேதி எழுதிய அட்டையை நீட்டி, "மூணு மாசம் கழிச்சு ஒருக்கா வந்து பாத்துக்கணும், கேட்டியா?" என்றேன். "வாறேன் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே அதைச் சட்டைப் பையில் திணித்தான். அதற்குள் எழுந்து நின்றுவிட்டிருந்தான்.

சாயங்காலம் டாக்டர் கேட்டார்: "என்ன, பையன் சிரிச்சுக்கிட்டே போறான்?"

"நெகட்டிவ் சார்."

"எந்தத் தேதிக்கு நெகட்டிவ்?"

தெரியாத விஷயமல்ல. கிருமி நுழைந்த முதல் வாரங்களில் உடம்பு காய்ச்சலாகக் காட்டும். அப்போது ரத்தத்தில் கிருமி ஏராளமாக இருக்கும், அடுத்தவருக்குத் தொற்றுவதும் எளிது. ஆனால் எங்கள் பரிசோதனை பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளை. அது தெரியும் அளவுக்கு உருவாக வாரங்கள் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். இப்போதைய பரிசோதனைகள் இன்னும் முந்திக் கண்டுபிடிக்கின்றன, ஆனாலும் முதல் 'இல்லை' முழுப் பதிலாகாது. இதெல்லாம் தெரிந்த நான், 'இல்லை'யை முதலில் சொல்லிவிட்டு மூன்று மாதத்தைப் பிறகு சொன்னேன். பயந்துபோய் இருக்கிறவனுக்கு முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழும். இன்றைக்கு வரை என்னிடம் பயிற்சிக்கு வந்த எல்லாரிடமும் சொல்வது இதுதான்: முதலில் தேதியைச் சொல்லுங்கள். அது அவன் வாயிலிருந்து திரும்பி வரட்டும். அதற்குப் பிறகு முடிவைச் சொல்லுங்கள்.

சகாயத்தின் காய்ச்சல் அந்த வாரமே விட்டிருக்கும். தடிப்பும் மறைந்திருக்கும். அது அப்படித்தான். அதன்பின் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. சாப்பிடலாம், கடலுக்குப் போகலாம், சிரிக்கலாம்.

அவன் வரவேண்டிய தேதி வந்தது, போனது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குக் கடிதமோ ஆளோ அனுப்ப வேண்டாம் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். கைப்பேசி எண் கொடுக்கவில்லை. இதற்கிடையில் டாக்டரும் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகிப் போய்விட்டார். மேலும் ஏழெட்டு வாரம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கோவிலில் பூசை முடியும் நேரம், பங்குத்தந்தை கல்யாண ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பது எங்கள் வழக்கம். மணமகள் எங்கள் பங்கு, எங்கள் கோவிலைச் சேர்ந்தவள்தான், ஷைனி. மணமகன் அடுத்த பங்கு. அவன் பெயர், தகப்பன் பெயர், ஊர், மூன்றும் என் பதிவேட்டில் நானே எழுதியவை.

ஷைனி என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. தாயில்லாத பிள்ளை; சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் அடுக்களையில்தான் இருப்பாள். யாரையோ விரும்புகிறாள் என்று தெரியும், யாரென்று அவள் சொன்னதில்லை. பூசை முடிந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, ஓலை கேட்டியளா?"

"கேட்டேன் மக்களே." எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஆறு வருசம் மாமி. அப்பா சம்மதிக்கதுக்குள்ள எனக்க முடியெல்லாம் கொட்டிப்போச்சு."

தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சற்று முன் கேட்ட குரல் என் காதிலேயே நின்றது. ரத்தம் பார்த்துவிட்டுக் கட்டிக்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என் வேலை என்ன என்பது ஊருக்கே தெரியும். நான் அந்த வார்த்தையைச் சொன்னாலே அவன் என்னிடம் வந்தவன் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள். "சந்தோசமா இரு மக்களே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை டாக்டருக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டார்.

"சிஸ்டர், உங்க கையில இருக்கறது ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட். அதை வச்சு யார்கிட்ட என்ன சொல்வீங்க?"

"அப்ப பாத்துக்கிட்டு இருக்கணுமா சார்?"

"அவன்கிட்டப் போகலாம். வேற ஒருத்தர்கிட்டயும் போக முடியாது."

"வீட்டுக்கு வரக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கான்."

"வீட்டுக்குப் போகாதீங்க. அவன் நிக்கிற இடத்துல போய் நில்லுங்க. அவனா வந்து பேசணும். பேசலைன்னா திரும்பிருங்க."

செவ்வாய்க்கிழமை ஒரு வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் அவன் ஊர்க் கடற்கரைக்குப் பஸ் ஏறினேன். கல்யாணத்துக்காகத் தங்கல் தொழிலை விட்டுவிட்டு மாமன் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தான். வள்ளங்கள் கரையேறும் இடத்தில் ஏலம் கேட்கிற பெண்களோடு நானும் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வலையை இழுத்தான். மையத்துக்கு வந்தவர்களை வெளியில் பார்த்தால் நாம் முதலில் சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது. அயலை மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். புதன்கிழமையும் அதேதான். என் வீட்டுக்காரர் கேட்டார்: "நம்ம கடப்புறத்துல மீனு இல்லியா? பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வாற?" என்ன சொல்வேன். அங்கே அயலை நல்லதாக இருக்கிறது என்றேன்.

வியாழக்கிழமை கரையோரம் சிலுவை நட்ட குருசடியின் படியில் உட்கார்ந்திருந்தேன். அவனே வந்தான்.

"சிஸ்டர், எனக்காகவா வந்திய?"

"ஆமா தம்பி."

"அன்னைக்கே இல்லன்னு சொன்னியளே."

"சொன்னேன். அப்பிடிச் சொன்னது எனக்க தப்பு. அன்னைக்கு எடுத்த ரத்தம் அன்னைக்குள்ள பதிலைத்தான் சொல்லிச்சு. இன்னும் ஒருக்கா பாத்தாத்தான் முடிவு."

"எனக்கு ஒரு குறையும் இல்ல. பாருங்க, எப்பிடி இருக்கேன்னு. அந்தக் காய்ச்சலுக்குப் பொறவு ஒரு தும்மல்கூட இல்ல."

"நல்லா இருக்கத வச்சு இதுல ஒண்ணும் சொல்ல முடியாது மக்கா."

கல்யாணத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "உங்க ஊருதான அவ. ஓலையத் தடுப்பியளா?"

"மாட்டேன். சாமியார்ட்டயும் சொல்ல மாட்டேன், அவள்ட்டயும் சொல்ல மாட்டேன். நீ வரலேன்னா கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போவேன். என்னால அதுக்கு மேல ஒண்ணும் முடியாது. உன்னால மட்டுந்தான் முடியும்."

அவன் எழுந்து வள்ளத்தைப் பார்த்து நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். செவ்வாய்க்கிழமை ஷைனி கல்யாணக் குறியோடு, அதாவது அழைப்பிதழோடு, வீட்டுக்கு வந்தாள். "மாமி, கோவிலுக்குப் புறப்படும்போது நெற்று நீங்கதான் வச்சுத் தரணும். அம்மை இருந்தா அவிய செய்வாவ" என்றாள். நெற்று என்பது மணப்பெண் தலையில் வைக்கும் முக்காட்டுத் துணி. சரி என்றேன். அவள் போன பிறகு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ சாவு பார்த்தவள். உயிரோடு நன்றாக இருக்கிற ஒரு பெண்ணுக்காக அப்படி அழுதது அந்த ஒரு நாள்தான்.

சனிக்கிழமை மதியம், மையத்தைப் பூட்டுகிற நேரத்தில் சகாயம் வந்து நின்றான்.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. ரத்தம் எடுக்கும் முன்பே இரண்டு விதமாகவும் இருக்கலாம் என்று பேசினேன். எப்படி இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு, அவன் பதில் சொல்லும்வரை காத்திருந்தேன். மூன்று முறைகளில் சோதித்தோம். மூன்றிலும் இருந்தது.

சொன்னேன். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"நாளைக்கு மூணாவது ஓலை" என்றான்.

"ஆமா."

"அவட்ட நான்தான சொல்லணும்?"

"நீ சொன்னா நல்லது. துணை வேணும்னா இங்க கூட்டிட்டு வா, நான் இருக்கேன்."

"வேண்டாம் சிஸ்டர். ஆறு வருசம் நான்தான் பேசினேன். இதையும் நானே பேசுகேன்."

அவன் சொல்லாமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை வரை நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றும் என்னிடம் பதில் இல்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தக் கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். அன்றைக்குத் தனியாக முடிவெடுக்காதீர்கள், பேச ஒரு ஆளை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பூசையில் மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. ஷைனி கோவிலுக்கு வரவில்லை. வெளியே வரும்போதே பேச்சு தொடங்கிவிட்டது, ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் ஒரே செய்தியாக ஆனது: பெண்ணுக்குத்தான் பிடிக்கவில்லையாம். ஷைனியே அப்படிச் சொல்லியிருந்தாள். தகப்பனிடம், பங்குத்தந்தையிடம், கேட்க வந்த ஒவ்வொருவரிடமும். ஆறு வருடம் அடம்பிடித்துவிட்டு இப்போது வேண்டாம் என்றால் ஊர் என்ன பேசும் என்பது உங்களுக்குத் தெரியும். தகப்பன் கை நீட்டி அடித்தார். அவள் வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பயிற்சியில் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட ரகசியத்தை, அவள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு காப்பாற்றினாள்.

பத்து நாள் கழித்து என் அடுக்களைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"உங்களுக்குத் தெரியும்லா மாமி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நெற்று வைக்கச் சொன்னேனே, அப்பவும் தெரியும்."

"நான் ஒண்ணும் பேச முடியாது மக்களே."

"தெரியும். கேக்கதுக்கு வரல்ல. கோவப்படணும்னு நெனச்சித்தான் வந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வருடம் குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

சகாயம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்த்துக்கொண்டான். இப்போது தொற்று உறுதியானதுமே மருந்து தொடங்குகிறீர்கள்; அன்றைக்கு விதி வேறு, அளவு குறைந்த பிறகுதான் மருந்து. அவனுக்கு அது குறைய ஐந்து வருடம் ஆனது. நேரத்தோடு தெரிந்துகொண்டதால் ஒருநாள்கூடப் படுக்கையில் விழாமல் மாத்திரைக்கு மாறினான். மாத்திரை கொடுக்கும் வேலையும் எங்கள் மையத்துக்கு வந்துவிட்டதால் மாதாமாதம் பார்த்தேன். கல்யாணம் செய்யவில்லை. துணை தேடும் மற்ற தொற்றாளர்களைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர்" என்பான். வருடத்துக்கு ஒருமுறை, எங்கள் ஊர்த் திருநாள் முடிந்த மாதத்தில், மாத்திரையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே கேட்பான்.

"உங்க ஊருத் திருநாளு நல்லா நடந்தா? வெளிநாட்டுல உள்ளவிய எல்லாம் வந்தாவளா?"

"வந்தாவ."

"எல்லாரும் சொகந்தான?"

"எல்லாரும் சொகம்."

அதற்கு மேல் கேட்க மாட்டான்.

ஷைனியும் திருநாளுக்கு லீவில் வருவாள். முதல் சில வருடம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தாள். அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. நான் அயலை கழுவிக்கொண்டிருப்பேன், அவள் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவுவாள். பாதி துருவிவிட்டு, தலை நிமிராமல் கேட்பாள்.

"மாமி, உங்ககிட்ட வாறவிய எல்லாரும் மருந்து ஒழுங்கா திங்காவளா?"

"எல்லாரும் திங்காவ மக்களே."

"ஒருத்தரும் விடல்லயே?"

"ஒருத்தரும் விடல்ல."

யார் பெயரும் அதில் இல்லை. இருந்தாலும் விதியை நான் கொஞ்சம் வளைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக என்னைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. இடையில் லீவு கிடைக்காமல் இருந்த ஷைனி போன திருநாளுக்குத்தான் வந்தாள். அதே கேள்வியைக் கேட்டாள். நான் இப்போது அங்கே போவதில்லை மக்களே, எனக்குத் தெரியாது என்றேன். துருவுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய காதோரம் நரைத்திருந்தது. "ஓ, நீங்க நின்னாச்சுல்லா. மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

என் நாற்காலியில் இப்போது உங்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவன் வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறானா, திருநாள் முடிந்த மாதத்தில் அவன் ஏதாவது கேட்கிறானா, உங்களுக்குத்தான் தெரியும். நான் உங்களிடம் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள்.